நாளிதழிலிருந்து நூல் வரை
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பத்திரிகையாளன் ஒருவன் நூலாசிரியனாவது எவ்வாறு என்பது குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தார்கள். பேச்சைத் தொடங்குமுன் ஒரு மன்னிப்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்திரிகை அலுவலகத்தில் ‘நான்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. தலையங்கம் எழுதுபவர் ஒருவரேயாயினும் ‘நாம் கருதுகிறோம்’ என்றுதான் எழுதுவார். முப்பத்தெட்டு ஆண்டுகள் அவ்வாறே எழுதிப் பழகிவிட்டோம். இந்த மேடையிலும் ‘நாம்’ என்றே வாயில் வருகிறது. பெருமை கருதிச் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. பேச்சின் முடிவில் அந்தச் சொல் பொருத்தமானதே என்று நீங்களும் கருதக்கூடும்.

தமிழில் ‘நூல்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. படிக்கும் புத்தகமும் நூல். தைக்கும் இழையும் நூல். நாளிதழ் இழையில்லாத தாள். காலையில் வீட்டிற்குள் வருகிறது. மாலையில் பலசரக்குக் கடையில் பருப்பு மடிக்கப் போய்விடுகிறது. அதில் எழுதுபவனின் உழைப்பிற்கு ஆயுள் ஒரு நாள். அந்தத் தாள்களுள் நிலைத்திருக்கத் தக்கவற்றைத் தேர்ந்து, ஓர் இழையில் கோத்தால் அது நூலாகிறது. கோப்பவர் யார் என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி. எழுதியவனே கோத்துவிடுவான் என்று உலகம் நினைக்கிறது. நமது அனுபவமும், தமிழ் இலக்கியத்தின் அண்மைக் கால வரலாறும் அவ்வாறு சொல்லவில்லை.

முதற்கண் மகாகவி பாரதியாரை நினைப்போம். மதுரையில் தமிழாசிரியராகச் சில மாதங்கள் பணியாற்றிய அவர், 1904-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைக்கு வந்து ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் துணையாசிரியராக அமர்ந்தார். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய அவ்விதழ், 1899 முதல் நாளிதழாக வந்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் தமிழாக்கித் தருவது அவருக்கு வாய்த்த பணி. கவிஞனுக்கு இது தண்டனையன்றோ என்று தோன்றலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நாள்தோறும் புதுப் பொருளைப் பழந்தமிழில் சொல்ல முயன்ற அந்த மேசையே அவர் உரைநடைக்குப் பட்டறையாயிற்று. அதன் பின் ‘சக்கரவர்த்தினி’ என்னும் மாதர் இதழும், 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழும் அவர் கையில் வளர்ந்தன.

அவருடைய பாடல்கள் முதலில் நூலுருப் பெற்ற வரலாறும் நினைக்கத் தக்கது. 1907-ஆம் ஆண்டில், அரசியற் கருத்தில் அவருக்கு மாறுபட்டவரான வி. கிருஷ்ணசாமி ஐயர், பாடல்களைக் கேட்டு உருகி, மூன்று பாடல்களைச் சிறு வெளியீடாகப் பதினையாயிரம் பிரதிகள் அச்சிடச் செய்து வழங்கினார். மறு ஆண்டில் ‘ஸ்வதேச கீதங்கள்’ வெளிவந்தது. பாரதியார் புதுவையில் இருந்த காலத்தில், 1917-இல், ‘கண்ணன் பாட்டு’ நூலைப் பதிப்பித்தவர் பரலி சு. நெல்லையப்பர். எழுதியவர் ஒருவர், கோத்தவர் வேறொருவர்.

பின்னர்க் கடையத்தில் வாழ்ந்தபொழுது, 1920-இல், பாரதியார் ஒரு பெருந்திட்டம் வகுத்தார். தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாக்குவது. ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிடுவது. அதற்கான முதலை அன்பர்களிடம் கடனாகப் பெறுவது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விலைபோவதைவிட விரைவாகத் தம் நூல்கள் விலைபோகும் என்று அவர் நம்பினார். அன்பர்களுக்குச் சுற்றறிக்கையும் அனுப்பினார். திட்டம் நிறைவேறவில்லை. மீண்டும் ‘சுதேசமித்திர’னின் துணையாசிரியர் நாற்காலிக்கே சென்றார். 1921 செப்டம்பரில் மறைந்தார். அப்பொழுது ‘பாஞ்சாலி சபத’த்தின் இரண்டாம் பாகமே நூலாக வெளிவந்திருக்கவில்லை, கட்டுரைகளோ இதழ்த் தாள்களில் சிதறிக் கிடந்தன.

அவற்றைத் தேடிச் சேர்க்கப் பல தலைமுறைகள் உழைத்தன. பெ. தூரன், ரா. அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் முதலிய அறிஞர்கள் ஆண்டுக் கணக்காகப் பழைய இதழ்க் கட்டுகளைப் புரட்டினார்கள். சீனி. விசுவநாதன் கால வரிசையில் தொகுத்த பாரதி படைப்புகள் இருபத்து மூன்று தொகுதிகளாக 2024 டிசம்பரில், இதே தில்லி மாநகரில் வெளியிடப்பட்டன. கவிஞர் மறைந்து நூற்று மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. நாற்பது நூல்களுக்கான கடனை அன்றைய தமிழ் மக்கள் தந்திருந்தால் இந்தத் தேடலில் பெரும்பகுதி தேவைப்பட்டிராது. காணாமற்போன தாள்கள் எத்தனையோ! அவற்றை இனி எவரும் மீட்க இயலாது.

இதற்கு மாறான வாழ்வு ‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தியினுடையது. 1899-இல் மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின்பொழுது பள்ளிப் படிப்பைத் துறந்தவர், சிறை சென்றவர். 1923-இல் திரு. வி. க. நடத்திய ‘நவசக்தி’யில் துணையாசிரியராகச் சேர்ந்தார். அங்குப் பணியாற்றிய நாளிலேயே, 1927-இல், ‘சாரதையின் தந்திரம்’ என்ற அவரது முதற் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. பின்னர் ‘ஆனந்த விகடன்’. 1941 முதல், சதாசிவத்துடன் சேர்ந்து தொடங்கிய ‘கல்கி’. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ ஆகிய யாவும் வாரந்தோறும் இதழுக்கென்று எழுதப்பட்டவையே. அச்சகத்து ஆள் காத்து நிற்க, அவர் அத்தியாயத்தை முடித்துக் கொடுப்பார். நாவலாசிரியனுக்குரிய ஓய்வு அவருக்கு எந்நாளும் வாய்க்கவில்லை. பத்திரிகையாளனுக்குரிய நெருக்கடி மட்டுமே வாய்த்தது.

ஆயின் பாரதியாருக்குக் கிட்டாத ஒன்று கல்கிக்குக் கிட்டியது. அதுதான் வீடுதோறும் இருந்த ஊசியும் இழையும். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபொழுது, நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் என்ன செய்தார்கள் என்பதை இந்த அவையில் மூத்தோர் அறிவர். இதழ் வந்ததும் வீட்டில் முறை வைத்துப் படிப்பார்கள். பிறகு தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்திக் கோணி ஊசியால் தைத்து, அட்டை ஒட்டிப் பைண்டு செய்து வைப்பார்கள். பதிப்பகத்தார் வெளியிடுமுன்பே இல்லத்தரசிகள் அந்நூலை வெளியிட்டுவிட்டார்கள்! மாற்றலாகி நாக்பூருக்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் வந்த குடும்பங்கள், பித்தளைப் பாத்திரங்களோடு அந்தப் பைண்டு தொகுதிகளையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தன. எழுத்து தாளைவிட நீண்ட நாள் வாழ்ந்தது அவர்கள் கைத்திறத்தால். 1954 டிசம்பரில் கல்கி மறைந்தார். ‘அலை ஓசை’க்கு 1956-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபொழுது அவர் இல்லை. 1999-இல் அவர் எழுத்துகள் நாட்டுடைமையாயின. அவருடைய நூல்களோ இன்றும் அச்சகத்தை விட்டு இறங்கவில்லை.

பெரியோர்களைப் பற்றிச் சொன்ன வாயால் நம்மைப் பற்றிச் சொல்வது பொருந்தாது. எனினும் செயலாளர் விடவில்லை. உள்ளூர்க் கதையும் வேண்டும் என்றார்கள்.

நாம் தில்லிக்கு வந்தது 1971-ஆம் ஆண்டு. ஓர் ஆங்கில நாளிதழில் துணையாசிரியர் வேலை. இரவுப் பணி. டெலிபிரிண்டர் ஓயாது கக்கும் செய்திச் சுருளைக் கிழித்து, வெட்டி, திருத்தி, தலைப்பிட்டு, நகர்ப் பதிப்பு முடியும் நேரத்திற்குள் அச்சுக்கோப்பவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். எழுதியவர் பெயர் வாராது. எழுதியது மறுநாள் நினைவிலும் இராது. அந்த நாளில் தமிழில் எழுத வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. அதற்கு முன்மாதிரியும் இதே நகரில் இருந்தது. தில்லியில் அயல்நாட்டு நாளிதழொன்றின் செய்தியாளராக இருந்த கஸ்தூரிரங்கன் 1965-இல் ‘கணையாழி’ என்னும் இலக்கிய மாத இதழை இங்கிருந்தே தொடங்கியிருந்தார். தலைநகரத்துத் தமிழர் கோப்புகளை மட்டுமே எழுதுவர் என்ற எண்ணத்தை அவ்விதழ் மாற்றியது.

1975 முதல் 1988 வரை, தமிழ்நாட்டு இதழ் ஒன்றிற்கு மாதந்தோறும் தில்லிக் கடிதம் எழுதினோம். கரோல்பாக் மெஸ், ராமகிருஷ்ணபுரத்து மலைக் கோயில், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய 1976-ஆம் ஆண்டின் ரயில் நிலையக் கூட்டம் என்று கண்ணிற்பட்டதையெல்லாம் எழுதினோம். ஏறக்குறைய நூற்றைம்பது கடிதங்கள் இருக்கும்.

அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்வோம். 1978 செப்டம்பரில் யமுனையில் பெருவெள்ளம் வந்தது. நீர்மட்டம் 207.49 மீட்டர். அந்த எண்ணை நாளிதழின் தலைப்பில் இட்டவர் நாமே. அந்நாள் வரை கண்டிராத உயரம் என்று பெருமையோடு எழுதினோம். அந்த மாதத் தில்லிக் கடிதத்தில் எழுதியது வேறு. நீர் சூழ்ந்த வீதி ஒன்றில், முதியவர் ஒருவர், வானொலிப் பெட்டியையும் பெட்டிச் சாமானையும் விட்டுவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த ஆட்டுக்கல்லை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். “கல் நனைந்தால் கெடாதே, ஐயா!” என்றோம். “மண்ணுக்குள் போய்விட்டால் எங்கே தேடுவது, தம்பி? அவள் அரைத்த கல்” என்றார். அவருடைய மனைவி காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. நமது பழைய தலைப்பு செல்லாக்காசாயிற்று. ஆட்டுக்கல்லை எந்த வெள்ளமும் கடந்து செல்லவில்லை. செய்திக்கும் நூலுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக நாம் கற்றதில்லை.

2009-இல் பணி ஓய்வு பெற்றோம். கடிதங்களை நூலாக்கும் ஆசை வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால் இருபத்தாறு மட்டுமே இருந்தன. ஏனையவை வீடு மாறியபொழுதும், கறையான் அரித்தும், இரவல் கொடுத்தும் போயின. இதழோ எப்பொழுதோ நின்றுவிட்டது. பிறருடைய எழுத்தை முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்த துணையாசிரியன், தன் எழுத்தைக் காக்கத் தவறினான். இருந்ததை அப்படியே தட்டெழுதிப் பதிப்பகம் ஒன்றிற்கு அனுப்பினோம். “கட்டுரைகள் நன்றாயிருக்கின்றன, இது நூலாகவில்லை” என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டார்கள். அன்று வருத்தமாயிருந்தது. இன்று அவர்கள் சொன்னது முற்றும் சரி என்று அறிகிறோம். இருபத்தாறு செங்கற்கள் வீடாகமாட்டா.

அந்தச் சமயத்தில், நம் காலனியிலேயே வாழ்ந்த ஓர் அம்மையார் வீட்டில் இந்த வருத்தத்தைச் சொல்ல நேர்ந்தது. கணவர் மத்திய செயலகத்தில் பணியாற்றி மறைந்தவர். அம்மையார் ஒன்றும் சொல்லாமல், பேரனைப் பரண்மீது ஏறச் சொன்னார். துணி முதுகிட்ட இரண்டு பைண்டு தொகுதிகள் கீழே வந்தன. நூற்று நாற்பத்து மூன்று கடிதங்கள்! ஒவ்வொரு மாதமும் கத்தரித்து, நாள் குறித்து, வரிசை தவறாமல் தைத்து வைத்திருந்தார். எழுதியவன் தொலைத்ததைப் படித்தவர் காத்திருந்தார்.

வியப்பு அத்துடன் நிற்கவில்லை. பக்க ஓரங்களில் பென்சிற் குறிப்புகள் இருந்தன. சிலவற்றில் ‘மறுபடியும் படிக்க’ என்று இருந்தது. வெள்ளக் கடிதத்தில் அக்குறிப்பு மும்முறை இருந்தது. வேறு சிலவற்றின் தலையில் ஒரே சொல்: ‘அவசரம்’. எண்ணிப் பார்த்தோம், முப்பத்தொரு கடிதங்களில் அந்தச் சொல் இருந்தது. அந்த முப்பத்தொன்றும் இரவுப் பணி முடிந்து, விடியுமுன் அஞ்சலில் சேர்க்க வேண்டுமென்று அள்ளித் தெளித்தவையே. எந்த ஆசிரியரும் கண்டுபிடிக்காததை, கஞ்சி வடித்துக்கொண்டே படித்த அம்மையார் கண்டுபிடித்திருந்தார்! அக்குறிப்புகளையே தேர்வுக் குழுவாக ஏற்றோம். ‘அவசரம்’ என்று குறித்தவற்றை விலக்கினோம். எஞ்சியவற்றுள்ளும் ஓர் இழையைத் தேடினோம். ஊரை விட்டு வந்தவர்கள் எதை விடாமல் பற்றிக்கொண்டார்கள் என்பதே அந்த இழை என்று மெல்லப் புலப்பட்டது. அந்த இழையில் கோக்க இயலாதவற்றை, எவ்வளவு இனிய நடையாயினும், நீக்கினோம். இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் காலையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து, பதினெட்டு அத்தியாயங்களாகத் திருப்பி எழுதினோம்.

அத்தியாயங்கள் முடிந்ததும் வேறொரு பதிப்பகத்தார் ஏற்று, 2011-இல் ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டார்கள். அவற்றுள் முந்நூறு பிரதிகளை இந்தச் சங்கத்துக் குடும்பங்களே விலை கொடுத்து வாங்கின. கடன் கேட்டுச் சுற்றறிக்கை விட வேண்டிய நிலை நமக்கு நேரவில்லை. அதற்காக நாம் உங்களுக்கு என்றும் கடமைப்பட்டுள்ளோம். நூலின் பெயரைச் சொல்லி இன்று விற்பனை செய்ய வரவில்லை, அஞ்ச வேண்டாம்!

அம்மையாருக்கு நூலைக் காணிக்கையாக்க விரும்பிக் கேட்டோம். “பெயரெல்லாம் வேண்டாம், தம்பி. எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். கண் மங்கிவிட்டது” என்றார். எழுத்தைப் பெரிதாக்கினோம். முதற் பிரதியை அவர் கையில் கொடுத்தோம். மூன்று மாதங்கள் கழித்துப் பேரன் கையில் அந்தப் பிரதி திரும்பி வந்தது. பன்னிரண்டாம் அத்தியாயத்தின் தலையில், நடுங்கிய கையால் எழுதிய பென்சிற் குறிப்பு: ‘அவசரம்’. 2014-இல் இரண்டாம் பதிப்பு வந்தபொழுது அந்த அத்தியாயத்தை முழுவதும் மாற்றி எழுதினோம். அம்மையார் 2016-இல் காலமானார். அந்தப் பிரதி நம் மேசைமீது இன்றும் இருக்கிறது.

அன்பர்களே, இந்தக் கதையைச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. நமது சங்க நூலகத்தின் உள்ளறையில், உறுப்பினர் குடும்பங்கள் நன்கொடையாக அளித்த அறுபதுக்கும் மேற்பட்ட பைண்டு தொகுதிகள் இருக்கின்றன. தாள் பழுத்துவிட்டது, தொட்டால் உதிர்கிறது. பிள்ளைகளின் வகுப்புக்கு அறை வேண்டும் என்பதால், அவற்றைப் பழைய தாள் வாங்கும் கபாடிவாலாவிடம் கொடுத்துவிடலாம் என்ற யோசனை நூலகக் குழுவில் எழுந்திருக்கிறது. குழுவினரைக் குறை சொல்லோம். இடம் இல்லை என்பது உண்மை. பிள்ளைகளுக்கு வகுப்பு வேண்டும் என்பது அதனினும் பெரிய உண்மை.

ஆயினும், கொடுக்குமுன் ஒரு முறை திறந்து பாருங்கள் என்று வேண்டுகிறோம். அந்தத் தொகுதிகளில் கல்கி மட்டும் இல்லை. தொடர்கதையின் மறுபக்கத்தில், நூலாகாமலே போன எத்தனையோ எழுத்தாளர்களின் சிறுகதைகளும் கட்டுரைகளும் இருக்கக்கூடும். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர், தம் வாழ்நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் பிறவற்றையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்தபின் அத்தொகுப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஒரு தனி மனிதர் செய்த பணியில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒரு சங்கம் செய்ய இயலாதா?

செய்ய வேண்டியவை மூன்றே. முதலாவது, தொகுதிகளில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியல். தமிழ் படிக்கத் தெரிந்த முதியோர் நால்வர், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அமர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடியும். இரண்டாவது, அவற்றுள் எவை சென்னை நூலகங்களிலும் தமிழ் இணைய நூலகத்திலும் முன்னரே இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தல். இதனை நம் இளைஞர்கள் கணிப்பொறியில் செய்வார்கள். மூன்றாவது, வேறெங்கும் இல்லாதவற்றைப் படமெடுத்துக் காத்தல். ஏனையவற்றைக் கபாடிவாலாவிடம் கொடுப்பதில் நமக்கு மறுப்பில்லை. அறை கிடைக்கும், வகுப்பும் நடக்கும். பட்டியலிடும் முதியோர் வாய்விட்டுப் படிக்க, பிள்ளைகள் அருகிலிருந்து எழுதினால், அதுவே ஒரு தமிழ் வகுப்பாகவும் அமையும். முதல் ஞாயிறு முதல் நாம் வருவதாக இந்த மேடையிலேயே பெயர் கொடுக்கிறோம்.

எழுத விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல். பத்திரிகைப் பணியோ, வேறு எந்தப் பணியோ, உங்கள் நேரத்தைத் தின்றுவிடும். விடியற்காலை இரண்டு மணி நேரத்தை மட்டும் அதற்குக் கொடாதீர்கள். எழுதியதற்குப் படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போல் தொலைக்காதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, ‘அவசரம்’ என்று ஓரத்தில் எழுதத் துணிவுள்ள ஒருவரையேனும் தேடிக்கொள்ளுங்கள்.

எழுதுபவன் ஒருவனாக இருக்கலாம். நூலைச் செய்பவர்கள் எப்பொழுதும் பலர். ஆகவேதான், நூலைப் பற்றிப் பேசும்பொழுது ‘நான்’ என்று சொல்ல இன்னும் நா எழவில்லை.